மனம் சோர்ந்தால் மார்க்கம் என்ன சொல்கிறது? மருத்துவம் என்ன செய்கிறது?

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். 

சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம், புற்றுநோய் ஆகியவையே நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் நாம் வழக்கமாகப் பார்க்கும் நோய்கள். மனநோய் என்று எழுதி வரும் விண்ணப்பம் அநேகமாக இல்லை. அதனால் அந்த நோய் நம் மஹல்லாவில் இல்லை என்று ஆகிவிடாது. அது வேறு பெயர்களில் வருகிறது. தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கமின்மை, வாயுக் கோளாறு, 'கண்ணேறு', 'ஜின் கோளாறு' என்று பல பெயர்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று அது கணக்கிட்டது. ஜும்ஆவில் 400 பேர் நிற்கும் ஒரு பள்ளிவாசலில் இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் 20 பேர் வருகிறார்கள். நம் தோளோடு தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்பவர்கள் அவர்கள். வீட்டிலிருக்கும் நம் பெண்களை இதில் நாம் இன்னும் சேர்க்கவில்லை. இந்நோய் ஆண்களை விடப் பெண்களையே கூடுதலாகப் பாதிக்கிறது.

எனவே இந்த இதழின் பாடமாக மனச்சோர்வை எடுத்துக்கொண்டோம். வீட்டில் எல்லோரும் கேட்க ஒருவர் வாசித்தால் நல்லது.

கவலை வேறு, நோய் வேறு

கவலைப்படாத மனிதர் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, கடையில் வியாபாரம் இல்லை, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றால் மனம் வாடும். அது இயல்பு. நல்ல செய்தி ஒன்று வந்தால், பேரப்பிள்ளை மடியில் ஏறினால், அந்த வாட்டம் சற்றேனும் விலகும்.

மனச்சோர்வு நோய் அப்படி விலகாது. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு கிடக்கும். அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும். இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதோடு தூக்கம் குறையும் அல்லது மிகும். பசி போகும் அல்லது அளவு மீறும். எதுவும் செய்யாமலேயே உடல் களைக்கும். கவனம் நிற்காது. பேச்சும் நடையும் மெதுவாகும், அல்லது ஓரிடத்தில் உட்கார முடியாத பதற்றம் இருக்கும். 'நான் எதற்கும் உதவாதவன்', 'என்னால்தான் எல்லோருக்கும் கஷ்டம்' என்ற குற்ற உணர்வு அரிக்கும். சாவைப் பற்றிய நினைப்பு வரும். இவற்றுள் ஐந்தோ அதற்கு மேலோ சேர்ந்து, அன்றாட வேலையையும் கெடுத்தால், அது நோய். மருத்துவரிடம் போக வேண்டும்.

சிலருக்கு விடியற்காலையில் வெகு நேரத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிடும், ஆனால் எழுந்திருக்க முடியாது. காலையில்தான் மனப்பாரம் அதிகமாக இருக்கும், மாலையில் சற்று இலேசாகும். சுபுஹுக்கு வந்துகொண்டிருந்தவர் வராமல் போனால் சோம்பல் என்று நாம் முடிவு கட்டுகிறோம். அவர் விழித்தபடியே படுத்துக் கிடந்திருக்கலாம்.

ஆண்களிடம் இந்நோய் அழுகையாக வராமல் கோபமாக வருவதுண்டு. முப்பது வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அவர் இல்லாமலேயே வளர்ந்துவிட்டார்கள். வீட்டின் நடைமுறை அவர் இல்லாமலேயே அமைந்துவிட்டது. பணம் அனுப்பும்போது இருந்த மதிப்பு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இருப்பதில்லை. அவர் எரிந்து விழுகிறார், அல்லது யாரிடமும் பேசாமல் கைப்பேசியோடு ஒதுங்குகிறார். 'வாப்பா மாறிட்டாங்க' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த மாற்றம் நோயாக இருக்கலாம் என்று எவரும் நினைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், சில சத்துக்கள் குறைந்தாலும் இதே போன்ற களைப்பும் சோர்வும் வரும். எனவே முதலில் ஒரு பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 'இது மனம்தான்' என்று நாமே முடிவு செய்வதும் தவறு, 'இது மனமே இல்லை' என்று நாமே முடிவு செய்வதும் தவறு.

ஈமான் குறைவா?

நம்மிடையே மிகுதியாகக் கேட்கும் சொல் இது: 'ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு ஏன் வருகிறது?' ஏற்கெனவே தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவரின் தலையில் இந்தச் சொல் இன்னொரு கல்லை ஏற்றுகிறது. குர்ஆன் காட்டும் நல்லடியார்களின் வாழ்வைப் பார்ப்போம்.

நபி யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபைப் பிரிந்த துக்கத்தில் கண் பார்வையையே இழந்தார்கள் என்று சூரா யூஸுஃப் கூறுகிறது. அவர்களுடைய ஈமானில் குறை என்று அல்லாஹ் எங்கும் சொல்லவில்லை. 'இப்படியே நினைத்து நினைத்து அழிந்துபோவீர்கள்' என்ற பொருளில் பேசியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தாம். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் பதிலளித்தார்கள். அத்தோடு நிற்கவும் இல்லை. யூஸுஃபையும் அவர் சகோதரரையும் போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். துஆவும் தேடலும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், தனிமையில், ஊராரின் பேச்சை எண்ணி, இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வந்த பதிலைக் கவனியுங்கள். கண்டனம் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வந்தது. அடுத்து, காலடியில் ஓடும் நீர். பிறகு, மரத்தைத் தம் பக்கம் உலுக்கினால் விழும் கனிந்த பேரீச்சை. உண்ணுங்கள், பருகுங்கள், கண் குளிருங்கள் என்ற கட்டளை. கடைசியாக, இன்று எந்த மனிதரிடமும் பேச வேண்டியதில்லை என்ற சலுகை. ஆறுதல், தண்ணீர், உணவு, கைக்கு எட்டிய சிறு வேலை, கேள்வி கேட்போரிடமிருந்து விடுதலை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நம் வீடுகளில் இந்த ஐந்தும் கிடைக்கின்றனவா?

நபி (ஸல்) அவர்கள் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு, வரலாற்றில் துக்க ஆண்டு என்றே பெயர் பெற்றது. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. அழுகை இரக்கத்தின் அடையாளம் என்று அவர்கள் தோழர்களுக்கு விளக்கினார்கள்.

நபியவர்கள் அடிக்கடி கேட்டு வந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். புகாரியில் அது இடம்பெற்றுள்ளது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகிய எட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் துஆ அது. மனத் துயரமும் செயலற்ற நிலையும் கடனும் பிறர் நெருக்குதலும் ஒரே துஆவில் அடுத்தடுத்து நிற்கின்றன. கடன்காரர் வாசலில் நிற்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நமது முன்னோர் செய்த மருத்துவம்

மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பது மேற்கத்தியப் பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ, 934இல் மறைந்த அறிஞர். உடல் நலத்தையும் மன நலத்தையும் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். உடலுக்கு நோய் வருவது போல மனத்துக்கும் நோய் வரும், இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது அவர் கருத்து. துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணம் தெரியாமல் வருவது மற்றொன்று. பின்னதற்கு உடலில் காரணம் இருக்கிறது, அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் நலமாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அறிவுரை சொன்னார்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரும் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. 1488இல் துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் நிறுவிய மருத்துவமனையில் ஓடும் நீரின் ஓசையும் நறுமணமும் இன்னிசையும் மனநோயாளிகளின் சிகிச்சையில் சேர்ந்திருந்தன. இவற்றை வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் நடத்தினார்கள். மனநோயாளிக்குச் செலவிடுவது அறக்கட்டளைகளின் பழைய கடமை.

ஏர்வாடி தரும் பாடம்

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். எல்லா மதத்தவரும் அங்கே தம் உறவுகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அறவே தடை செய்கிறது.

பின்னாளில் அதே ஏர்வாடியில் அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு 'தவா - துஆ' என்ற பெயரில் தொடங்கியது. தவா என்றால் மருந்து. துஆ செய்ய வருபவருக்கு அங்கேயே மருந்தும் கிடைக்கிறது. ஓதிப்பார்ப்பது, தர்கா ஸியாரத் ஆகியவை பற்றி நமக்குள் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை இங்கே பேசவில்லை. ஆனால் எந்தக் கருத்துடையவரானாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடலாம். அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்று நபியவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்கள்தாம். குர்ஆனை ஓதுவோம், துஆச் செய்வோம், மருத்துவரிடமும் போவோம். மருந்தை நிறுத்தச் சொல்லி, அடித்து, பட்டினி போட்டு, பணம் பிடுங்குபவர் எந்த வேடத்தில் இருந்தாலும் அவரிடமிருந்து விலகுவோம்.

ஒரு சகோதரியின் விண்ணப்பம்

நம்மிடம் வந்த ஒரு விண்ணப்பத்தை, அடையாளம் தெரியாத வகையில் சொல்கிறோம். முப்பதுகளில் இருக்கும் ஒரு சகோதரி. கணவர் சவூதியில். ஓராண்டாக வயிற்று எரிச்சல், தலைவலி, நெஞ்சடைப்பு. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கின்றன என்றே முடிவு வந்தது. இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கேட்டு நம்மிடம் விண்ணப்பித்தார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர், வயிற்றைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அந்தச் சகோதரி அழத் தொடங்கினார். மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த தடை வீட்டில் இருந்து வந்தது. 'பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறாங்கன்னு பேர் வந்தா நாளைக்கு அவ மகளை யார் கட்டுவா?' என்று கேட்டார்கள். அது மனசாட்சி இல்லாத கேள்வி அல்ல. நம் சமூகம் அப்படித்தான் பேசுகிறது என்பதால் வந்த பயம். வீட்டார் கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான்: விஷயம் வெளியே போகாது என்ற உறுதி. நாலைந்து மாதச் சிகிச்சைக்குப் பின் வயிற்று எரிச்சல் போயிற்று. மருந்துக்குச் செலவில்லை. பேருந்துக் கட்டணம் மட்டும்தான் நாம் கொடுத்தோம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று அழைக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஓராண்டாக அந்தப் பிள்ளை தானே கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மருந்து பற்றிய ஐயங்கள்

மனச்சோர்வுக்கான மருந்து சாப்பிட்டவுடன் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி போன்ற சிறு தொல்லைகள் வந்து தணியலாம். 'ஒரு வாரம் சாப்பிட்டேன், ஒன்றும் இல்லை' என்று நிறுத்துபவர்களே அதிகம். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நோய் திரும்பாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இவை போதை மருந்துகள் அல்ல. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்குப் பழக்கமாகிவிடும் தன்மை உண்டு. மனச்சோர்வு மருந்துகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் பற்றித் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையாகக் கேளுங்கள். அதற்காக மருந்தையே கைவிடாதீர்கள். நோய் இலேசாக இருந்தால் மருந்தில்லாமல் ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல மருந்துகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றியமைக்க முடியும். லித்தியம் போன்ற சில மருந்துகளுக்கு உடலில் நீர் குறைந்தால் ஆபத்து. நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்திருப்பவன் அல்லாஹ். மருத்துவர் நோன்பு வேண்டாம் என்றால் ஆலிமிடம் சட்டம் கேட்டு அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதலே.

ஐந்து வக்துகளில் அன்றாட நலம்

மனச்சோர்வு உள்ளவர் 'மனம் சரியானதும் வேலையைத் தொடங்குகிறேன்' என்று காத்திருக்கிறார். மனநல நிபுணர்கள் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். சிறு வேலையை முதலில் செய்தால் மனம் மெல்ல அதைப் பின்தொடரும். இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. நாளை ஐந்தாகப் பிரித்துத் தந்திருக்கும் மார்க்கத்தில் வாழும் நமக்கு இது எளிது.

சுபுஹு: தண்ணீர் முகத்தில் படுகிறது, உடல் எழுகிறது. தொழுத பின் மீண்டும் படுக்காமல் வாசலிலோ மொட்டை மாடியிலோ பதினைந்து நிமிடம் காலை வெளிச்சத்தில் இருங்கள். அந்த வெளிச்சமே உடலின் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு வேலை: போர்வையை மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

லுஹர்: பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்கு உணவு. துக்க வீட்டாருக்கும் நோயாளிக்கும் வாற்கோதுமை மாவில் செய்யும் தல்பீனா என்ற கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்தார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபியவர்களிடம் கேட்டதாக அறிவித்தார்கள். கடையில் பார்லி மாவு கிடைக்கிறது. நம் வீட்டு நோன்புக் கஞ்சியும் நல்லதே. யாரோ ஒருவர் நமக்காகக் காய்ச்சிக் கொண்டுவந்தார் என்பதிலேயே பாதி மருந்து இருக்கிறது. மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

அஸர்: நடை. தொலைவில் உள்ள பள்ளிக்கு நடந்து போவது, கடற்கரையோ வயல்வெளியோ இருந்தால் அந்தப் பக்கம் போவது. பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கலாம். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மக்ரிப்: குடும்பத்தார் சேர்ந்து உண்ணும் ஒரு வேளையாவது கைப்பேசி இல்லாமல் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவரோடு பேசும்போது 'பணம் வந்ததா' என்பதோடு முடிக்காமல் 'இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, யாரோட பேசினீங்க' என்று கேளுங்கள். அங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருப்பவருக்கும் தனிமை உண்டு.

இஷா: இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை. இன்று அந்தப் பேச்சு கைப்பேசித் திரைக்குள் இருக்கிறது. படுக்கைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். அன்று கிடைத்த நல்லவை மூன்றை நினைவுகூர்ந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் படுங்கள். சிறியவையே போதும்.

வாரத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியை விசாரிப்பது, அயல்வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புவது, ஓர் அனாதைக்கு பாடம் சொல்லித் தருவது என்று கொடுக்கும் செயல் ஒன்றும் இருக்கட்டும். 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணத்துக்கு வாயால் சொல்லும் மறுப்பை விட இது வலுவான மறுப்பு.

இதில் ஓர் எல்லை உண்டு. இவை நலமாக இருப்போரைக் காக்கும், இலேசான சோர்வைத் தணிக்கும், சிகிச்சைக்குத் துணை நிற்கும். கடுமையான நோய்க்கு இவை மட்டும் போதா. படுக்கையிலிருந்து எழ முடியாதவரிடம் தஹஜ்ஜுதைப் பற்றிப் பேசாதீர்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. ஸல்மான் (ரலி), இரவெல்லாம் நின்று வணங்க முற்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களைத் தூங்கச் செய்து, உடலுக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். நபியவர்கள் அதைச் சரி என்றார்கள்.

வீட்டார் பேச வேண்டியது

'உனக்கென்ன குறை?', 'உன்னை விடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?', 'எல்லாம் உன் நினைப்புத்தான்' என்பவற்றைத் தவிர்ப்போம். 'ரெண்டு மூணு வாரமா முகம் வாடியே இருக்கே, தூக்கம் வருதாம்மா?' என்று தொடங்கலாம். பதில் வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். 'டாக்டர்கிட்ட நானும் வர்றேன்' என்று சொல்லலாம். இந்த ஒரு சொல்லில்தான் பல பேருடைய முதல் சிகிச்சை தொடங்கியிருக்கிறது.

பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பொதுவானது. இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தாலும், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலும், தாமதிக்கக் கூடாது. நாற்பது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கும் மருத்துவரிடம் போகத் தடை இல்லை.

உயிரை வெறுத்துப் பேசினால்

'நான் போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்று ஒருவர் சொன்னால் 'அப்படிப் பேசுவது ஹராம்' என்று வாயை மூடாதீர்கள். ஹராம் என்பது அவருக்குத் தெரியும். அந்த அச்சத்தையும் தாண்டி வலி பேசுகிறது. 'உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மறைத்து வைத்ததை இறக்கி வைக்க ஒரு வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உயிரை மாய்க்க முயன்றவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

மஹல்லா செய்ய வேண்டியது

முதலாவது, இடம் தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. அந்த நாள் எது என்று கேட்டறிந்து பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

இரண்டாவது, இரகசியம். நமது மருத்துவ உதவி விண்ணப்பத்தில் நோயின் பெயர் என்ற இடத்தில் 'பொது மருத்துவம்' என்று எழுதினால் போதும். மருத்துவர் சீட்டைச் செயலாளர் மட்டும் பார்த்துத் திருப்பித் தருவார். பதிவேட்டில் எண் மட்டுமே இருக்கும். மனநல சிகிச்சைக்கான பயணச் செலவும் மருந்துச் செலவும் மற்ற நோய்களுக்கு உள்ள அதே வரம்பில் வழங்கப்படும்.

மூன்றாவது, கடன். மனம் உடைவதற்குக் கடனே காரணமாக இருக்கும் வீடுகளுக்கு மருந்து மட்டும் போதாது. வட்டிக்கு வாங்கியவர் வட்டியில்லாக் கடன் திட்டத்தை அணுகலாம்.

நான்காவது, இமாம்களும் ஆலிம்களும். நம் மக்கள் முதலில் வருவது அவர்களிடம்தான். ஓதிப்பார்க்கக் கேட்டு வருபவரிடம் தூக்கம், உணவு, வாழ்வில் வெறுப்பு பற்றி மூன்று கேள்விகள் கேட்டு, தேவையானால் மருத்துவரிடமும் அனுப்பினால், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு மிச்சமாகும்.

தஃலீமில் கலந்து பேச

1. மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த ஐந்து உதவிகளில், நம் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எவை கிடைக்கின்றன? எவை கிடைப்பதில்லை?

2. நம் தெருவில் ஒரு மாதமாக வெளியே காணாதவர் யார்? அவரை விசாரிக்க யார் போவது?

3. பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'அந்த வீட்டில் ஒருவருக்கு மனநோய்' என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? சர்க்கரை நோய் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்வோம்?

யா அல்லாஹ்! எங்களில் உள்ளம் இருண்டு கிடப்போருக்கு ஒளியைத் தருவாயாக. யஃகூப் நபியின் கண்களைத் திறந்தது போல அவர்களுடைய உள்ளங்களையும் திறப்பாயாக. அவர்களுடைய பாரத்தைச் சுமக்க எங்களுக்குப் பொறுமையையும், அவர்களுடைய மானத்தைக் காக்க எங்களுக்கு நாவடக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.